பெலிலெனக் குகையில் ஒரு கற்சில்லு

கினிகத்தேனையில் நின்று மேற்கு நோக்கினால், மலைநாடு முடியும் இடத்தைக் கண்ணாற் காணலாம். ஹட்டனிலிருந்து தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து வளைந்து வரும் நெடுஞ்சாலை, இவ்விடத்திலிருந்து சரிந்து களனி கங்கையின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. தேயிலை சிறிது சிறிதாக விலகி இறப்பர் மரங்களுக்கு இடங் கொடுக்கிறது. குளிர்காற்று போய்ப் புழுக்கம் வருகிறது. இந்த இறக்கத்தின் அடியிலே உள்ளது கித்துல்கல என்னும் சிற்றூர். குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் இங்கே எடுக்கப்பட்டு 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனாலேயே இவ்வூரின் பெயர் உலகிற் பரவிற்று. ஆனால், ஊருக்கு மேலே, மழைக்காட்டினுள், அதனினும் பன்மடங்கு பழைமையான புகழ் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுதான் பெலிலென என்னும் குகை.

முப்பத்தைந்து ஆண்டுகள் தோட்டப் பாடசாலைகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் எங்கள் பகுதிப் பாடசாலையொன்றின் மாணவர் இருபத்திரண்டு பேர் அந்தக் குகையைக் காண விரும்பினர். வழித்துணையாக வரும்படி அவர்களின் ஆசிரியர் என்னைக் கேட்டார். உடனே இசைந்தேன். இசைந்ததற்கு ஆசை மட்டும் காரணமன்று. ஐம்பது ஆண்டுக் கடன் ஒன்றும் இருந்தது. அதனைப் பின்னர் கூறுவேன்.

உப்பு முடிச்சு

கித்துல்கலையிலிருந்து குகைக்குச் செல்லும் வழி சில கிலோமீற்றர் ஏற்றம். அப்பகுதி இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. மழையுள்ள இடத்தில் அட்டை உண்டு. ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு மாணவர் கையிலும் சீலைத் துண்டில் முடிந்த உப்பைக் கொடுத்தேன். எங்கள் தோட்டப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியோடு கொழுந்து பறித்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த மருந்தை விளக்க வேண்டியதில்லை.

"இந்த உப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். குகைக்குப் போனதும் இதைப் பற்றி ஒரு கதை சொல்வேன்" என்றேன். அட்டைக்கும் குகைக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் தமக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

ஏற்றம் முடிந்த இடத்தில் குகை தோன்றிற்று. குகை என்றதும் இருண்ட சுரங்கத்தை எண்ண வேண்டாம். மலையின் நெற்றி முன்னால் நீண்டு, ஒரு மாபெருங் குடைபோலக் கவிந்திருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து மழைநீர் திரைபோல வீழ்கிறது. திரைக்கு உட்புறம் நிலம் உலர்ந்து கிடக்கிறது. கொட்டுகின்ற மழையில் நனையாமல் நின்றுகொண்டு காட்டைப் பார்க்கக்கூடிய அந்த இடத்தில் கால் வைத்த எவருக்கும், மனிதர் ஏன் இங்கே வாழ்ந்தார்கள் என்ற கேள்வி எழாது.

'லென' என்றால் சிங்களத்தில் குகை. 'பெலி' என்பது வில்வத்தின் பெயர். நத்தை, சிப்பி முதலியவற்றின் ஓட்டையும் 'பெலிகட்டு' என்பர். குகையின் மண்ணிலே நத்தையோடுகள் குவிந்து கிடந்ததை அறிந்தவர்கள் இரண்டாவது பொருளையே விரும்புவார்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

தோட்டத்து மண்ணில் கிடைத்த கல்

இலங்கையின் கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி எங்கே தொடங்கிற்று என்று மாணவர்களைக் கேட்டேன். அநுராதபுரம் என்றான் ஒருவன். பொலன்னறுவை என்றாள் ஒருத்தி. "இல்லை, நம்முடைய தேயிலைத் தோட்டங்களில்" என்றபோது அவர்கள் நம்பவில்லை.

ஆயினும் உண்மை அதுவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோன் போல் என்ற தோட்டத்துரையும், ஏர்ணஸ்ட் கிரீன் என்ற பூச்சியியல் அறிஞரும் மலைநாட்டு மண்ணிலே கிடந்த படிகக் கற்சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்து, இவை இயற்கையில் உடைந்தவையல்ல, மனிதக் கை உடைத்தவை என்று கூறினார்கள். மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கத்து மண்ணிலிருந்தும் அக்கற்கள் வந்தன. போல் தமது சேகரிப்பைப் பற்றி எழுதிய நூல் 1913இல் வெளிவந்தது. இதற்கிடையில், 1907ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போல் சரசின், பிறிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவர் இங்கு வந்து குகைகளை அகழ்ந்து, இலங்கையிற் கற்காலம் இருந்தது என்பதை நிலைநாட்டினர்.

ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். காடு அழிந்து, கான் வெட்டி, குழி தோண்டிய பின்னரல்லவா மலைநாட்டு மண் வெளிச்சத்திற்கு வந்தது? அந்த மண்ணை மம்பட்டியாற் கொத்தியவர்கள் நம் பாட்டன்மார். துரையின் பெயர் நூலில் நிற்கிறது. நிற்க வேண்டியதே, அவர் கண்ணில்தான் கல் கருவியாகத் தெரிந்தது. மண்ணைக் கொத்தியவர்களின் பெயர்களோ கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் எழுதப்பட்டு, அந்தச் செக்ரோலும் கறையானுக்குப் போயிற்று.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

பெலிலெனவை முறையாக அகழ்ந்தவர் சிரான் தெரணியகல. தொல்லியல் துறையின் சார்பில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வேலை 1980களின் முற்பகுதி வரை நடந்தது. இவருடைய தந்தையார் பி. இ. பி. தெரணியகல, கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். 'பலாங்கொடை மனிதன்' என்ற பெயரை உலகுக்குத் தந்தவர். தந்தை தொடங்கியதை மகன் விரித்தார். பின்னர் தொல்லியல் திணைக்களத்தின் தலைவராகவும் இருந்த சிரான் தெரணியகல, 2021ஆம் ஆண்டில் காலமானார்.

உலகில் ஆதிமனிதரின் எலும்புகள் கிடைத்த குகைகளிற் பெரும்பாலானவை சுண்ணாம்புக்கல் குகைகள். சுண்ணாம்பு எலும்பைக் காக்கும். பெலிலெனவோ சுண்ணாம்புக்கல் அன்று. நைஸ் எனப்படும் கடினமான உருமாற்றப் பாறை. சுற்றிலும் மழைக்காடு, மழைக்காட்டு மண்ணோ புளிப்பு மண். அந்த மண்ணில் புதைத்த எலும்பு விரைவிற் கரைந்துபோகும். பின், இங்கே எலும்புகள் எப்படித் தங்கின?

இதற்கு விடையைத் தோட்டத்துப் பிள்ளைகளே கூறினர். "கவ்வாத்து வெட்டினால் மலைக்கு என்ன போடுவார்கள்?" என்று கேட்டேன். "டொலமைட்!" என்று நாலைந்து குரல்கள் ஒருங்கே எழுந்தன. "ஏன்?" "மண்ணின் புளிப்பைக் குறைக்க, சேர்."

அதுவேதான் இங்கும் நடந்தது. குகைவாசிகள் காட்டிலே நத்தைகளைப் பொறுக்கி வந்து தின்று ஓட்டை எறிந்தனர். அடுப்பெரித்துச் சாம்பலைக் கொட்டினர். நத்தையோடு என்பது சுண்ணாம்பே. சாம்பலும் புளிப்பை முறிக்கும். பாறை கொடுக்காத சுண்ணாம்பை மனிதர் தம் எச்சிலாலும் அடுப்பாலும் கொண்டுவந்து நிரப்பினர். அவர்கள் குப்பையென்று எறிந்ததுதான், பல்லாயிரம் ஆண்டுகளின்பின் அவர்களுடைய எலும்புகளையே காத்துக் கொடுத்தது. ஏடெழுதி வைக்காத மக்களுக்கு இதைவிடச் சிறந்த ஏடு வேறென்ன வேண்டும்?

அந்த ஏட்டிலே உள்ளவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். அவர்கள் குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடினர். காட்டு ஈரப்பலா, காட்டு வாழை, கெக்குனக் கொட்டை ஆகியவற்றை உண்டனர். எலும்பைக் கூராக்கி முனைகள் செய்தனர். படிகக் கல்லைச் சில்லுச் சில்லாக உடைத்து, பிறை, முக்கோணம் முதலிய வடிவங்களில், விரல்நுனியில் அடங்கும் நுண்கருவிகளைச் செய்தனர். இத்தகைய வடிவான நுண்கற்கருவிகள் ஐரோப்பாவில் ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன்னரே பரவலாயின என்று அறிஞர் கருதியிருந்த காலத்தில், பெலிலெனவும் குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்ப லெனவும் 30,000 ஆண்டளவு பழைமை காட்டி அவர்களைத் திகைக்க வைத்தன. மனித எலும்புகளை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக் கென்னத் கெனடி ஆராய்ந்தார்.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். உயிருள்ள மரத்திலே கதிர்வீசும் ஒருவகைக் கரி சிறிதளவு உண்டு. மரம் இறந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அடுப்புக் கரியில் எஞ்சியது எவ்வளவு என்று அளந்தால், அடுப்பு எரிந்த காலம் தெரிந்துவிடும். இம்முறையைக் கண்ட வில்லார்ட் லிபி 1960இல் நொபெல் பரிசு பெற்றார். அளவுமுறைகள் நுட்பமடைந்த பின்னர், இலங்கை அறிஞரும் ஜெர்மனியின் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் கூடிச் செய்த புதிய ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெலிலெனவில் மனிதர் வாழத் தொடங்கிய காலம் இற்றைக்கு ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன் என்று அது கூறிற்று. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையிலும் அவ்வளவு பழைமையான சான்றுகள் கிடைத்துள்ளன. 48,000 ஆண்டுக்கு முற்பட்ட எலும்பு அம்புமுனைகளும் அங்கே கிடைத்ததாக அதே 2020இல் வெளிவந்த வேறோர் ஆய்வு உரைக்கிறது. அடர்ந்த மழைக்காடு ஆதிமனிதர் வாழத் தகாத இடம் என்ற பழைய கொள்கை இந்தக் குகைகளால் ஆட்டங்கண்டது.

நடந்து வந்த உப்பு

"சேர், உப்புக் கதை?" என்று ஒரு சிறுவன் நினைவூட்டினான்.

பெலிலெனவின் ஆழமான மண்படைகளிலே உப்பு இருந்ததைத் தெரணியகல கண்டார். மழைக்காட்டில் உப்பு விளையாது. அது கடலிலிருந்து வந்திருக்க வேண்டும். மிக அண்மையான கடலும் இங்கிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. வண்டியில்லை, மாடில்லை, பாதையில்லை. இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே யாரோ ஒருவர் உப்பைச் சுமந்துகொண்டு காட்டினூடே நடந்து வந்தார். அல்லது ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தார் கையில் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி மலையேறிற்று. பட்டதொம்ப லெனவிலோ கடற்சிப்பியில் செய்த மணிகளே கிடைத்தன. கடலும் மலையும் அன்றே உறவாடின.

பிள்ளைகள் தம் கையிலிருந்த உப்பு முடிச்சைப் பார்த்தார்கள். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

நம் முன்னோரும் கடலிலிருந்து மலைக்கு நடந்து வந்தவர்களே என்பதை அவர்களுக்கு நினைவூட்டினேன். கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழகக் கரையிலிருந்து தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். வழியிலே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வீழ்ந்தவர் பலர். அவர்கள் தலையிற் சுமந்து வந்தவற்றுள் ஒரு பிடி உப்பும் இருந்திருக்கும்.

கற்சில்லு

திரும்புவதற்காகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியபோது, ஒரு பையன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். "என்ன தம்பி?" என்றேன். அவன் தயங்கித் தயங்கிக் கையை விரித்தான். உள்ளங்கையில் நகத்தளவு வெள்ளைக் கற்சில்லு ஒன்று மின்னிற்று.

"இவ்வளவு கிடக்குதே சேர். ஒன்று எடுத்தால் என்ன?"

உடனிருந்த ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தார். நான் அவரைத் தடுத்து, என் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தேன். அதனுள்ளும் ஒரு வெள்ளைக் கற்சில்லு இருந்தது.

1975ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞனாக, நண்பர்களோடு இதே குகைக்கு வந்தேன். அப்போது இங்கே அகழ்வு தொடங்கவில்லை. காலடியில் மின்னிய கல்லைக் கண்டு எடுத்துக்கொண்டேன். பின்னர் கருவி என்றால் என்னவென்று படித்தபோது, அதன் ஒரு விளிம்பில் வரிசையாகத் தட்டிச் செதுக்கிய அடையாளம் இருப்பதைக் கண்டு அஞ்சினேன். ஐம்பது ஆண்டு அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. எத்தனையோ வகுப்புகளில் அதைக் காட்டியிருக்கிறேன். அதைப் பற்றி உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு, அங்கே காவலுக்கிருந்த முதியவரிடம் சென்றேன். இரண்டு கற்களையும் அவர் கையில் வைத்துச் சிங்களத்தில் விடயத்தைக் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. பையனைப் பார்த்து, "எந்த இடத்தில் எடுத்தாய், மகனே?" என்று கேட்டார். பையன் ஓடிச்சென்று பாறையோரத்தில் ஓரிடத்தைச் சுட்டினான். முதியவர் தலையசைத்துவிட்டு என்னை நோக்கி, "ஐயா எடுத்தது எந்த இடத்தில்?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை.

எங்கே எடுத்தேன்? எந்தப் படையிலிருந்து உதிர்ந்தது? அதன் அருகில் கரி இருந்ததா, நத்தையோடு இருந்ததா? ஒன்றும் அறியேன். 45,000 ஆண்டின் ஒரு முனையில் அதை வைப்பதா, மறுமுனையில் வைப்பதா? நாற்பது தலைமுறையன்று, நானூறு தலைமுறையன்று, ஆயிரம் தலைமுறைக்கும் மேற்பட்ட இடைவெளி! இடத்தில் இருந்திருந்தால், அடுத்திருந்த கரித்துண்டு அதன் வயதைச் சொல்லியிருக்கும். இடம் பெயர்த்து எடுத்தவன் நான். எடுத்த அன்றே அதன் நாவை அறுத்துவிட்டேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் இத்தகைய இடங்களைக் காக்கின்றது. ஆனால், சட்டத்தைவிட அந்த முதியவரின் கேள்வியே என்னைக் கூடுதலாகத் தண்டித்தது.

யாருடைய குகை?

இறங்கும் வழியில் மூத்த மாணவி ஒருத்தி என்னருகே வந்து கேட்டாள்: "சேர், அந்தக் குகையிலே இருந்தவர்கள் யார்? சிங்களவரா, தமிழரா? அது யாருடைய குகை?"

இக்கேள்வி எழாமற் போகாது என்று எனக்குத் தெரியும். நம் நாட்டிலே பழைய கல் ஒன்று கிடைத்துவிட்டால், அது எக்காலத்தது என்று கேட்பவரிலும் எவருடையது என்று கேட்பவரே மிகுதி. நான் கூறினேன்: "அம்மா, அவர்கள் வாழ்ந்தபோது நாம் இன்று பேசும் மொழிகளில் ஒன்றுமே பிறக்கவில்லை. வேடர்களின் முன்னோரோடு அவர்களுக்கு உறவுண்டு என்று எலும்பை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். மற்ற நாமெல்லாரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களே. ஒருவர் சற்று முன், ஒருவர் சற்றுப் பின்."

அவளுக்கு நான் கூறாத ஒன்றும் உண்டு. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று மக்களைத் தொகையாகப் பிரித்தது. எஞ்சியவர்களுக்குக் கதவு முற்றாகத் திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. என் தந்தையார் மனுப் போட்டபோது, இங்கேதான் பிறந்தாய் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டார்கள். "பிறந்த லயத்தைக் காட்டலாம், கடதாசிக்கு எங்கே போவது?" என்று அவர் வீட்டிலே வந்து புலம்பியது இன்றும் என் காதில் இருக்கிறது. தோட்டம் விட்டுத் தோட்டம் பெயர்ந்ததில், பிறப்புச் சீட்டு எங்கோ தொலைந்திருந்தது.

அந்தத் தந்தையின் மகனாகிய நான், ஒரு கல்லுக்குரிய பிறப்புச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் ஐம்பது ஆண்டு வரலாற்று ஆசிரியனாக உலாவினேன். இதை நினைக்கும்போது நெஞ்சு சுடுகிறது.

பெலிலெனவைக் காப்பதென்றால், கதவு போட்டுப் பூட்டுவதன்று. அங்குள்ளதை அங்குள்ளபடியே விட்டுவிட்டுத் திரும்ப நம் பிள்ளைகளைப் பழக்குவது. அதனோடு இன்னொரு பழக்கத்தையும் வேண்டுகிறேன். இன்று பழைய லயங்கள் இடிபடுகின்றன. பாட்டியின் அம்மி, பாட்டனின் கவ்வாத்துக் கத்தி, பேர்ச்சீட்டு, துண்டு, தோட்டக் கோயிலின் பழைய நோட்டீசு என்பன குப்பைக்குப் போகின்றன. எடுத்து வைப்போர் எடுத்து வைக்கட்டும். ஆனால், எந்தத் தோட்டம், எந்த லயம், யாருடையது, எந்த ஆண்டு என்று நான்கு வரி எழுதி, அதனோடு கட்டி வையுங்கள். பெயரில்லாத அம்மி வெறுங் கல்லே.

பேருந்து கினிகத்தேனை ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, கல்லை எடுத்த பையன் என் பக்கத்து இருக்கைக்கு வந்தான். அவன் கையில் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. குகையின் படத்தைப் பென்சிலால் வரைந்து, தான் கல்லெடுத்த இடத்தில் ஒரு புள்ளி குத்தி, பக்கத்தில் அன்றைய திகதியும் எழுதியிருந்தான்.

"சேர், இது போதுமா?" என்று கேட்டான்.

"போதும் தம்பி. ஐம்பது ஆண்டுக்கு முன் என்னிடம் இது இருக்கவில்லை" என்றேன்.